பஞ்சாங்கத்தில் இல்லாத கற்கள்

வாசல் தெளித்தாயிற்று. சாணித் தண்ணீர் இன்னும் மண்ணில் இறங்கி முடியவில்லை, தெருவிளக்கு அதில் மினுங்கிக்கொண்டிருந்தது, வசந்தாமணி கோலப்பொடி டின்னை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள். மணி ஐந்தரை. ஆறு மணிக்குப் பவானி கூடுதுறையில் அவள் மகன் தரணி ஈர வேட்டியோடு உட்கார்ந்து அவன் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடுவான். அப்பா செத்துப்போனார் என்று யாரும் வந்து சொல்லவில்லை. பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆடி அமாவாசையன்று துணி வியாபாரமாகச் சூரத்துக்குக் கிளம்பிப் போன மனுஷன் திரும்பி வரவில்லை, அவ்வளவுதான். காணாமற்போனவருக்காகப் பன்னிரண்டு வருஷம் காத்திருந்துவிட்டு, அப்புறம் போய்விட்டதாக வைத்துக்கொண்டு காரியம் செய்துவிட வேண்டும் என்பது வழக்கம். பன்னிரண்டு முடிந்து அதற்கு மேலும் இரண்டு ஓடிவிட்டது. நாலரைக்குப் பெரியப்பாவோடு பைக்கில் ஏறும்போது தரணி சொன்னான்: "ஆறு மணிக்குத்தான் ஐயர் உக்கார வெப்பாரும்மா. அதுக்குள்ள உனக்கு மனசு ஒப்பலீன்னா ஒரே ஒரு போன் பண்ணு. எந்திரிச்சு வந்தர்றேன். ஏன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்." கேட்டுவிட்டால்கூடத் தேவலாம். ஏன்னு கேட்க மாட்டேன் என்கிற பிள்ளையிடம் என்ன சொல்லி மறுப்பது? அரைமணி நேரத்தில் ஒரு கோலம் போடலாம், ஒரு போன் பேசலாம். இரண்டையும் செய்யாமலும் நிற்கலாம், நிற்பதற்கு அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. திதி கொடுக்கிற வீட்டு வாசலில் அன்றைக்குக் கோலம் கிடையாது. அதனால்தான் இந்தப் பதினாலு வருஷத்தில் வந்த நூற்று எழுபத்திரண்டு அமாவாசைக்கும் அவள் மற்ற நாளைவிடப் பெரிதாக, பதினைந்து புள்ளிக்குக் குறையாமல் கோலம் போட்டாள். மாமனார் மாமியாருக்குத் தரணியின் பெரியப்பா, மூத்தவர் வீட்டில் திதி, இந்த வீட்டில் யாரும் சாகவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள் என்று தெருவுக்கே சொல்கிற மாதிரி. தெருவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. பாலெடுக்கப் போகிற பெண்கள் கோலத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள், ஒருத்தியும் மிதிக்கவில்லை, ஒருத்தியும் நல்லாயிருக்கு என்று சொல்லவுமில்லை.

டின்னின் மூடி இறுகிக் கிடந்தது, நேற்று அவளே அழுத்தி மூடியதுதான். நேற்று எள்ளில் கல் பொறுக்கியது ஞாபகம் வந்தது. கறுப்பு எள், கால் கிலோ, முறத்தில் பரப்பிப் பார்த்தால் எது எள் எது கல் என்று தெரியாது, விரலால் தடவித்தான் பார்க்க வேண்டும். பொறுக்கினது சின்னச் சின்னதாக நாலைந்து வந்தது. இதைத் தூக்கிப் போடாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்ன யோசித்தேன்? ஒன்றும் யோசிக்கவில்லை. எள்ளைப் பொட்டலம் கட்டிப் பையில் வைத்தாள், தர்ப்பை, பச்சரிசி, வாழைக்காய், அவருடைய சந்தனக் கலர் சட்டை, அப்புறம் யாருக்கும் தெரியாமல் ஒரு பொத்தான். போன மூன்றாம் நாள் பூசாவல் ஸ்டேஷனிலிருந்து பேசினார். கடைசியாகப் பேசியது அதுதான் என்று அப்போது தெரிந்திருந்தால் வேறு ஏதாவது பேசியிருப்பார்கள். "ஏனம்மிணி, இந்த வெள்ளைச் சட்டைல மூணாவது பொத்தான் அறுந்துபோச்சு. ஊட்டுல இருக்கற சந்தனக் கலரையும் ஒருவாட்டி பாத்து வெச்சுரு." அவ்வளவுதான். புருஷன் பொண்டாட்டி பதினோரு வருஷம் குடித்தனம் நடத்திக் கடைசியில் பேசிக்கொண்டது பொத்தானைப் பற்றி. மறுநாளே ஃபேன்சி ஸ்டோரில் வாங்கினாள், வெள்ளைக்கு ஒன்று, சந்தனத்துக்கு ஒன்று. சந்தனம் தைத்தாகிவிட்டது. வெள்ளைச் சட்டை அவரோடு போய்விட்டது, வெள்ளைப் பொத்தான் பெருங்காய டப்பாவில் கிடந்தது, இப்போது அது பவானிக்குப் போய்விட்டது. திறந்து கிடக்கும் சட்டையோடு எங்கே சுற்றுகிறாரோ என்றுதான் முதல் ஒரு வருஷம் அழுகை வந்தது. போலீசில் எழுதிக் கொடுத்ததும், ரயில்வே ஆஸ்பத்திரிகளில் போட்டோவை நீட்டிக்கொண்டு அலைந்ததும் மூத்தவர். அவள் அலைந்தது ஜோசியர்களிடம். ஒருவர் வடக்கே இருக்கிறார் என்றார், ஒருவர் தண்ணீர் ஓரம் என்றார், ஒருவர் நாற்பத்தெட்டு நாள் என்றார், அந்த நாற்பத்தெட்டு நாளும் போயிற்று.

ஜோசியர்களைக் குறை சொல்ல அவளுக்கு வாயில்லை. நாள் பார்த்து அனுப்பியவளே அவள்தானே. தினத்தாள் காலண்டரில் போட்டிருந்தது, நிறைந்த அமாவாசை, புதிய முயற்சிகளுக்கு உகந்த நாள் என்று. அவர் மறுநாள் போகிறேன் என்றார். "நிறைஞ்ச அமாவாசைங்க, இன்னிக்கே கெளம்புங்க" என்றவள் அவள். வடநாட்டில் அமாவாசையன்று ஒரு நல்ல காரியமும் தொடங்க மாட்டார்களாம், நம் பக்கத்தில்தான் கடை திறப்போம், வண்டிக்குப் பூஜை போடுவோம், இதெல்லாம் அப்புறம் படித்தது. ஒரு நாள் பொறுத்துப் போயிருந்தால் வேறு ரயில், வேறு பெட்டி, பக்கத்தில் வேறு மனுஷர்கள். அந்தத் தாளைக் கிழித்து நகைப்பெட்டியில் வைத்திருக்கிறாள். என்ன தப்பு செய்தோம் என்று கண்டுபிடிக்கத்தான் ஜோசியமே கற்றுக்கொண்டாள், தபாலில் பாடம் வரவழைத்து, ராத்திரி பகல் பார்க்காமல், அடுப்பில் பால் பொங்கி வழிய. அவர் ஜாதகத்தை ஆயிரம் முறை போட்டுப் பார்த்திருப்பாள். ஆயுள் நன்றாக இருக்கிறது என்று ஒரு நாள் வரும், இல்லை என்று மறுநாள் வரும், கட்டம் என்னவோ அதே கட்டந்தான். ஆனால் மற்றவர் ஜாதகம் கைக்கு வந்துவிட்டது. மாதப் பத்திரிகை ஒன்றில் கேள்வி பதில் எழுத ஆரம்பித்து ஏழு வருஷமாகிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அங்கே புதிதாக வேலைக்கு வந்த பெண் சென்னையிலிருந்து போனில் பேசினாள்: "மேடம், வெளிநாட்டுல எல்லாம் அமாவாசைக்குச் சிறுகோள் சேத்துப் பாக்கறாங்க. நம்மளும் போடலாமே, சின்னப் பசங்க படிப்பாங்க." செவ்வாய்க்கும் குருவுக்கும் நடுவில் சுற்றுகிற கற்கள். கிரகம் என்று ஆக முடியாமலே நின்றுபோனவை. வசந்தாமணி முதலில் முகத்தைச் சுளித்தாள், அப்புறம் பேர்களைப் படித்தாள், எல்லாம் அந்நிய தேசத்துப் பெண் தெய்வங்கள். சீரிஸ் ஒரு தாய், அவள் மகளைப் பூமிக்கு அடியில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். வெஸ்டா அடுப்பு நெருப்பை அணையாமல் காப்பவள். பல்லாஸ் புத்திக்காரி. ஜூனோ பெண்டாட்டி. வேறு வேலையே கிடையாது, பெண்டாட்டி மட்டுந்தான். அன்று ராத்திரி வெகுநேரம் அந்தப் பேரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது கிரகத்தில் இடம் கிடைக்காத இந்த ஜென்மங்களை எனக்குத் தெரியும் என்று தோன்றியது. கல்யாண வீட்டில் ஆரத்தித் தட்டு அவளைத் தாண்டித்தான் போகும், இழவு வீட்டில் கைம்பெண்களோடும் உட்கார வைக்க மாட்டார்கள். எந்த வரிசையில் நிற்பது என்று தெரியாமல் அடுப்படிப் பக்கம் போய் நின்றுகொள்வாள்.

அதற்கப்புறம் செய்ததுதான் வெட்கக்கேடு. இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூத்தவர் நாச்சிமுத்து வந்து, துண்டை மடியில் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்துப் பேசினார்: "பன்னெண்டு முடிஞ்சுதம்மிணி. நாள் தெரியாதவங்களுக்கு அமாவாசைதான் திதின்னு ஐயர் சொல்றாரு. ஆடியில பண்ணிப்போட்டம்னா..." அவர் பஞ்சாங்கத்தை வரி வரியாகப் பார்க்கிற மனுஷர். அவரிடம் ராகு என்றும் சனி என்றும் கதை விட முடியாது, கையோடு பிரித்துப் பார்த்துவிடுவார். "மாமா, இந்த அமாவாசையில ஜூனோ சூரிய சந்திரரோட ஒரே பாகையில நிக்குதுங்க" என்றாள். குரல் நடுங்கவேயில்லை. "அதென்னம்மிணி அது?" "சிறுகோளுங்க. பொண்டாட்டிக்கு உண்டானது. இப்பக் காரியம் பண்ணினா நாளைக்குத் தரணிக்குக் குடும்பம் கூடி வராதுங்க." அவர் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்துப் பஞ்சாங்க ஓரத்தில் 'ஜூனா' என்று எழுதிக்கொண்டார். அன்றைக்கு ஜூனோ கன்னியில் எங்கேயோ கிடந்தது. ஒரு பொய்யைக்கூட ஒழுங்காகக் கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. போன வருஷம் வெஸ்டா, அடுப்பு நெருப்புக்கு ஆகாது என்றாள். தம்பியின் மேல் உயிரையே வைத்திருந்த மனுஷர் அதையும் எழுதிக்கொண்டு எழுந்து போனார். வாசலில் செருப்பைத் தேடியபடி சொன்னார், "அவன் கனவுல வந்து சோறு கேக்கறான் அம்மிணி, அதான் மனசு கேக்கல." அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். கனவில் அவளிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்கிற முகமா நான் வைத்துக்கொண்டிருந்தது?

போன வைகாசியில் பத்திரிகைக்கு ஒரு கடிதம் வந்தது. தொண்டியிலிருந்து முத்துராக்கு என்ற பெண் ரூல் போட்ட காகிதத்தில் எழுதியிருந்தாள். மகன் படகில் போய்ப் பதிமூன்று வருஷம், உடம்பு கிடைக்கவில்லை, எந்த நாளில் திதி கொடுப்பது, கொடுக்கலாமா கூடாதா, கொடுத்துவிட்டு அவன் வந்து நின்றால் என்ன செய்வேன், நீங்களே சொல்லுங்கள் தாயே. வசந்தாமணி இந்த ஆடி அமாவாசையைக் கணித்துப் பார்த்தாள். இந்த முறை ஒழுங்காக, ஒன்றுக்கு மூன்று தடவை. சூரியனும் சந்திரனும் கடகத்தில் சேர்கிறார்கள், சீரிஸ் அவர்களுக்கு ஒரு பாகை தள்ளி நிற்கிறது. சும்மா சொல்லவில்லை, அங்கே நிஜமாகவே நிற்கிறது. பேனா தானாக ஓடிற்று. சூரியன் அப்பா, சந்திரன் அம்மா, கடகம் சந்திரனின் சொந்த வீடு, ஆகையால் ஆடி அமாவாசை என்பது அம்மாவின் வீட்டுக்கு அப்பா வந்து சேர்கிற நாள், பிள்ளையைப் பறிகொடுத்த சீரிஸும் வாசலில் நிற்கிறாள், போனவர்களை வழியனுப்ப இதைவிடத் தோதான நாள் அமையாது என்று எழுதினாள். கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: "காத்திருப்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு அம்மா, அவனைப் பட்டினி போட உரிமை இல்லை." எழுதிவிட்டு, தபாலில் சேர்த்துவிட்டு, சுத்தமாக மறந்தும்விட்டாள். ஊருக்குச் சொல்வது ஒரு கை, தனக்கு வைத்துக்கொள்வது இன்னொரு கை. பத்து நாளைக்கு முன்னால் நாச்சிமுத்து ஆடி மாத இதழோடு வந்தார். குத்திக்காட்டவில்லை, கோபமில்லை. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார், பட்டினி போட உரிமை இல்லை என்ற இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். "இந்தத் தடவை ஜூனா கீனா ஒண்ணும் குறுக்க இல்லீல்ல அம்மிணி?" என்று மட்டும் கேட்டார். தரணி நிலைப்படியில் சாய்ந்துகொண்டு அவள் முகத்தையே பார்த்தான். விண்ணப்பம் எதை நிரப்பினாலும் அப்பா பேருக்கு முன்னால் திரு போடுவதா அமரர் போடுவதா என்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்ப்பானே, அதே பார்வை. எட்டு வயதில் ஆரம்பித்தது, இருபத்திரண்டு வயதிலும் மாறவில்லை. "இல்லீங்க மாமா" என்றாள்.

இல்லீங்க மாமா என்று சொன்ன வாய்தான், இப்போது என்ன. மணி ஐந்தே முக்கால். போன் ஜாக்கெட்டுக்குள் சூடாக இருந்தது. அங்கே அவர் பேரைச் சொல்லித் தண்ணீர் விடுகிற நேரத்தில், எங்கேயோ ஒரு பிளாட்பாரத்தில் டீ குடித்துக்கொண்டிருக்கிற மனுஷனுக்குப் புரை ஏறினால்? யாரோ நினைக்கிறார்கள் என்று தலையைத் தட்டிக்கொள்வார். யார், எதற்கு நினைக்கிறார்கள் என்று தெரியுமா? உசுரோடு இருக்கிறவனுக்கு எள் இறைத்தால் அது அவனை என்ன செய்யும்? பாடப் புத்தகத்தில் அதற்கும் எழுதியிருந்தது. காரியம் முடிந்தபின் திரும்பி வந்துவிட்டால் அவனைப் புதிதாகப் பிறந்தவனாக வைத்துக்கொள்ள வேண்டுமாம், குளிப்பாட்டி, பேர் வைத்து, மறுபடி அதே பெண்டாட்டியைக் கட்டி வைக்க வேண்டுமாம். அறுபதை நெருங்குகிற மனுஷனைத் தொட்டிலில் போட்டு ஆட்டுவதா? அவள் நாற்பத்தொன்பது வயதில் மணையில் உட்கார்ந்து தலை குனிவதா? சிரிப்பு வந்துவிட்டது. தனியாக வாசலில் நின்று சிரிக்கிறாள் என்று எவளாவது பார்த்தால் அதுவும் ஒரு பேச்சு. வாருங்கள், தொட்டில் கட்டத் தயார், சேலை தேடி வைக்கிறேன், வந்தால் போதும். கழுத்துத் தாலியைத் தொட்டுப் பார்த்தாள். எதையும் கழட்ட வேண்டாம், யாரும் ஒரு சொல் சொல்ல மாட்டார்கள் என்று நாச்சிமுத்து சொல்லிவிட்டார். யாரும் சொல்ல மாட்டார்கள்தான். அவளுக்கல்லவா பயம். ஏழு மணிக்குத் தான் என்னவாக இருப்போம் என்று பயம். காத்திருந்தது அவருக்காகவா, காத்திருப்பதை விட்டால் வேறு வேலை தெரியாததாலா? முதல் நாலு வருஷம் அவருக்காக, அது சத்தியம். அப்புறம் முகம் மங்கிற்று, குரல் மங்கிற்று, பொத்தான் என்று சொன்ன ஒரு சொல் மட்டும் காதில் நின்றது. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் ஒரு மனுஷனை வரவும் விடாமல் போகவும் விடாமல் வாசலிலேயே நிறுத்தி வைத்தேனா? அமாவாசையை ஊரெல்லாம் இருட்டு என்கிறார்கள். அவள் எத்தனை முறை எழுதியிருக்கிறாள், அன்றைக்கு சந்திரன் எங்கேயும் போய்விடவில்லை, சூரியன் பக்கத்தில் வந்துவிட்டதால் அது நம் கண்ணுக்குத் தெரியவில்லை என்று. வீட்டுக்காரன் வந்து சேர்கிற நாளில் வீட்டுக்காரி கண்ணுக்குத் தெரியாமல் போகிறாள். எழுதும்போது வெறும் கணக்காக இருந்தது. இப்போதுதான் வலிக்கிறது.

எதிர் வீட்டுக் கதவு திறந்தது. கோகிலா, கல்யாணமாகி வந்து ஆறு மாதம், ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வாளியோடு வந்தாள், விறுவிறுவென்று தெளித்தாள், குனிந்து புள்ளி வைக்க ஆரம்பித்தாள். அவள் கை வேகத்தையே வசந்தாமணி பார்த்துக்கொண்டு நின்றாள். ஐந்து ஐம்பத்தைந்து. டின்னைத் திறந்தாள். பொடி வெள்ளையாக, நைசாக, நேற்று சலித்து வைத்தது. நேற்று எள்ளிலும் கல் பொறுக்கி, கோலப்பொடியும் சலித்து வைத்திருக்கிறாள், இரண்டுக்கும் ஆயத்தமாக, என்ன பெண்பிள்ளை இவள். ஒரு சிட்டிகை எடுத்தாள். விரலிடுக்கில் குளிர்ந்தது. ஒரு புள்ளி வைத்தால் போதும், ஒரே ஒரு புள்ளி, போன் பண்ணக்கூட வேண்டாம், அவன் திரும்பி வரும்போது பார்த்தால் புரிந்துகொள்வான். தொண்டியில் முத்துராக்கு இந்நேரம் கடற்கரைக்குப் போயிருப்பாள். என்னை நம்பிப் போயிருப்பாள். கோடில்லாத காகிதத்தில் எழுத்து கோணல் கோணலாகப் போய்விடும் என்று ரூல் போட்டு, வார்த்தை வார்த்தையாகத் தேடி எழுதியவள், தண்ணீரில் இறங்கி மகன் பேரைச் சொல்லிக்கொண்டிருப்பாள், நான் இங்கே புள்ளி வைத்துக்கொண்டிருப்பேன். அவன் கனவுல வந்து சோறு கேக்கறான் அம்மிணி. பதினாலு வருஷம். ஒரு வேளைச் சோறு தாமதமானால் முகம் சுண்டிப்போகும் மனுஷனுக்கு. சிட்டிகைப் பொடி விரலிலேயே இருந்தது, வைக்கவும் முடியவில்லை, உதறவும் முடியவில்லை. தூரத்தில் கோயில் ஒலிபெருக்கி கரகரத்தது. ஆறு.

"ஏனுங்க்கா, கோலம் போடலீங்களா?" கோகிலா நிமிர்ந்து கேட்டாள். "அமாவாசைன்னா நீங்கதான் பெருசாப் போடுவீங்கன்னு பாத்துட்டே இருந்தேனுங்க."

வசந்தாமணி சிட்டிகையைப் பார்த்தாள். "இல்ல கண்ணு," என்றாள் அப்புறம். "இன்னிக்கு எங்க ஊட்டுல அமாவாசை. அவருக்கு."

கோகிலாவின் கை பாதிக் கோட்டில் நின்றுவிட்டது. தெருவில் சொன்னபிறகு அது வசந்தாமணிக்கும் கேட்டது. விரலில் இருந்த பொடியை டின்னிலேயே தட்டி, மூடியை அழுத்தி மூடினாள். கண்ணீர் மோவாயிலிருந்து மூடியின் மேல் சொட்டிற்று, அதைத் துடைக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். தரணி ஒன்பது மணிக்கு வந்துவிடுவான், காக்காய்க்கு வைத்துவிட்டுத்தான் மற்றவர்கள் சாப்பிட வேண்டும், வீட்டுக்கென்று எடுத்து வைத்த வாழைக்காய் இன்னும் நறுக்கவில்லை. உலை கொதித்ததும் எப்போதும் போடுகிற அரிசியைக் கழுவிப் போட்டாள். பிறகு இன்னும் ஒரு படி அளந்து போட்டாள். பதினாலு வருஷமாகச் சாப்பிடாத மனுஷன்.